வயிற்றை அறுப்பார்களாம், குறியீட்டைச் சொல்ல மாட்டார்களாம்!

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். ஆனால் ஆஸ்பத்திரியில் நம் வயிற்றை அறுத்து எதை எடுத்தார்கள், எதைத் தைத்தார்கள், காப்பீட்டுத் தாளில் அதற்கு என்ன பெயர் எழுதினார்கள், அந்தப் பெயருக்கு எவ்வளவு பணம் வாங்கினார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்வதில்லை. இன்று அதைப் பற்றித்தான் கொஞ்சம் சூடாக எழுதப் போகிறேன். இரத்த அழுத்தம் உள்ள நண்பர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படிக்கவும்.

முதலில் விஷயம் என்னவென்று தெரியாதவர்களுக்காக. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆகட்டும், பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் ஆகட்டும், என் போன்ற ஓய்வூதியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆகட்டும், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பட்டியல் இருக்கிறது. இன்ன அறுவைச் சிகிச்சை, இன்ன பெயர், இன்ன தொகை. ஆஸ்பத்திரிக்காரர்கள் இதை ‘பேக்கேஜ்’ என்கிறார்கள். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஓர் அடையாளம் உண்டு. அதற்குப் பெயர் ‘கோடு’. (நமக்குக் கோடு என்றால் நோட்டில் ஸ்கேல் வைத்துப் போடுவது. ஆகவே நான் ‘குறியீடு’ என்றே எழுதுகிறேன்.) ஆயுஷ்மான் பாரத்தின் 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் 1,949 சிகிச்சைகள் இருக்கின்றன. குறியீட்டின் முதல் எழுத்து ‘எஸ்’ என்றால் அறுவை, ‘எம்’ என்றால் மருந்து. ‘எஸ்’ஸுக்கு அடுத்து ‘ஜி’ வந்தால் பொது அறுவை, ‘இ’ வந்தால் கண், ‘பி’ வந்தால் எலும்பு, ‘யு’ வந்தால் சிறுநீர்ப் பாதை. அதன் பிறகு எண்கள். பூட்டு பெரிதாகத் தெரிகிறதே தவிர, சாவி சின்னதுதான்.

அந்தச் சாவியை நம்மிடம் தர மாட்டேன் என்கிறார்களே, அதுதான் என் சண்டை.

குறியீடு எனக்குப் புதிதல்ல. முப்பது வருடத்துக்கு மேல் கருவூலத்தில் பில் பார்த்தவன் நான். கருவூலத்தில் கணக்குத் தலைப்பு இல்லாமல் ஒரு பைசா நகராது. நான் சம்பளம் வாங்கிய தலைப்பு 2054. இன்று ஓய்வூதியம் வாங்குகிற தலைப்பு 2071. மருத்துவத் துறைச் செலவு 2210. ஒரு எழுத்தர் தலைப்பை மாற்றிப் போட்டு பில் கொண்டுவந்தால் நாங்கள் அதைத் திருப்புவோம். எப்படித் திருப்புவோம்? ஆட்சேபணைச் சீட்டில், இன்ன விதிப்படி இன்ன தவறு என்று எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்புவோம். காரணம் எழுதாமல் பில்லைத் திருப்பினால் எங்கள் அதிகாரி எங்களைத்தான் திருப்பி அனுப்புவார். நூறு ரூபாய் சில்லறைச் செலவுக்கே இந்த மரியாதை உண்டு. மனிதனின் குடலுக்கும் பித்தப்பைக்கும் அது கிடையாதா?

‘ஒரே ஆபரேஷன்தானே, அதற்கு எத்தனை குறியீடு இருந்துவிடப் போகிறது?’ என்று கேட்பீர்கள். குடலிறக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெர்னியா என்றால் எல்லோருக்கும் தெரியும். அது இடுப்புப் பக்கமா, தொப்புளா, பழைய தையல் பிரிந்த இடமா? ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? திறந்து செய்தார்களா, துளை போட்டுச் செய்தார்களா? வலை வைத்தார்களா, வெறும் தையலா? முதல் தடவையா, மறுபடியும் வந்ததா? இதில் எந்தப் பதில் மாறினாலும் தொகை மாறக்கூடும். இருதயத்தில் வைத்த ஸ்டென்ட் ஒன்றா இரண்டா, சிறுநீரகக் கல்லை முதுகு வழியாக எடுத்தார்களா, சிறுநீர்ப் பாதை வழியாக எடுத்தார்களா என்பதெல்லாம் அப்படித்தான். இன்னொன்றும் கேளுங்கள். ஆயுஷ்மான் பாரத்தில் ஒரே மேஜையில் இரண்டு மூன்று அறுவை செய்தால், பெரியதற்கு முழுத்தொகை, இரண்டாவதற்குப் பாதி, மூன்றாவதற்குக் கால்வாசி என்று விதி. ஆக, எந்த வரியில் எதை எழுதுகிறார்கள் என்பதில் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வருகிறது.

என் வீட்டிலேயே நடந்தது. சில வருடங்களுக்கு முன்பு என் துணைவியாருக்குப் பித்தப்பையில் கல். வெளியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். பித்தப்பையை மட்டும் துளை போட்டு எடுப்பதாக எழுதி முன் அனுமதி வாங்கினார்கள். மேஜையில் படுக்க வைத்த பிறகு பார்த்தால், ஒரு கல் நழுவிப் பித்தநாளத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. நாளத்தையும் திறந்து கல்லை எடுத்தார்கள். டாக்டர் நல்லவர், கைராசிக்காரர், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பித்தப்பையை மட்டும் எடுப்பது ஒரு குறியீடு. நாளத்தையும் திறந்து பார்ப்பது வேறு குறியீடு, தொகையும் கூடுதல். புதிதாக அனுமதி கேட்க வேண்டிய ஆஸ்பத்திரி அதைக் கேட்கவில்லை. பழைய குறியீட்டிலேயே கோப்பை முடித்துவிட்டு, ‘பேக்கேஜ் பத்தலைங்க சார், மீதிப் பதினாலாயிரம் கட்டிடுங்க’ என்றார்கள்.

‘எந்தக் குறியீட்டில் அனுப்பினீங்க தம்பி?’ என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். ‘அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்? அது சிஸ்டத்துல இருக்கும்’ என்றான். நோயாளி கட்டிலில், பணம் என் பையில், குறியீடு மட்டும் சிஸ்டத்தில்! அறுவைக் குறிப்பின் நகலை எழுதிக் கேட்டு வாங்கினேன். மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. அதைக் கடிதத்தில் குறிப்பிட்டதும் நகல் வந்தது. மூன்று கடிதம், ஏழு மாதம். பதினாலாயிரத்தில் ஒன்பதாயிரம் திரும்பக் கிடைத்தது. மீதி ஐயாயிரத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. கடிதம் எழுதியே பிழைத்த எனக்கே இந்தக் கதி. மீன்சுருட்டியிலிருந்தோ தா.பழூரிலிருந்தோ, கொல்லையை அடகு வைத்துவிட்டு ஓடி வருகிற குடியானவருக்கு என்ன கதி?

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. குறைத்து எழுதினால் நம் பையிலிருந்து போகிறது. கூட்டி எழுதினால் யார் பையிலிருந்து போகிறது? ‘காப்பீட்டுக் கம்பெனிதானே கொடுக்கிறது, நமக்கென்ன?’ என்று சிரிக்காதீர்கள். ஓய்வூதியர் திட்டத்தில் 2022 ஜூலை முதல் நான்கு ஆண்டுத் தவணைக்கு உச்சவரம்பு ஐந்து லட்சம். குறிப்பிட்ட சில பெரிய நோய்களுக்குப் பத்து லட்சம். அந்தத் தவணைக்கு மாதம் 497 ரூபாய் நம் ஓய்வூதியத்தில் பிடித்தம். செய்யாத வேலைக்குப் பெரிய குறியீடு போட்டு எடுத்தால், அது நம் ஐந்து லட்சத்தில்தான் கழியும். மூன்றாவது வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய் நிற்கும்போது, ‘உங்கள் வரம்பு தீர்ந்துவிட்டது’ என்பார்கள். நாம் சாப்பிடாத சாப்பாட்டுக்கு நம் கணக்கில் எழுதிய கதை.

பெண்களுக்கு இதில் நேர்ந்த கொடுமை இதைவிடப் பெரிது. பழைய ராஷ்ட்ரிய சுவாஸ்திய பீமா திட்டத்தின் காலத்தில், 2012ஆம் ஆண்டு, பீகாரின் சமஸ்திபூர் மாவட்டத்திலும் சத்தீஸ்கரிலும் தேவையில்லாமல் கருப்பையை எடுத்துவிட்டார்கள் என்று பெரிய புகார் கிளம்பி, விசாரணை நடந்தது. பட்டியலில் கருப்பை அகற்றலுக்கு ஒரு தொகை இருந்தது. அந்தத் தொகைக்காக ஏழைப் பெண்களின் வயிறு அறுபட்டது என்பதுதான் புகாரின் சாரம். 2023இல் இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவர் ஆயுஷ்மான் பாரத் பற்றிக் கொடுத்த அறிக்கையில், சுமார் ஏழரை லட்சம் பயனாளிகள் ஒரே கைப்பேசி எண்ணில் பதிவாகியிருந்ததாக எழுதினார். அந்த எண் பத்து ஒன்பதுகள்! கைப்பேசிக்கு வர வேண்டிய தகவல் யாருக்குப் போயிருக்கும்? நோயாளிக்குத் தெரியாமல் நோயாளியின் பெயரில் நடக்கும் கணக்கு இப்படித்தான் முடியும்.

இப்போது எதிர்த்தரப்பின் வாதங்களைப் பார்ப்போம். என்னிடம் நேரிலேயே சொன்னவர்கள் உண்டு.

முதல் வாதம்: ‘பாமர ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாது.’ இதைச் சொல்பவர்கள் ஒருநாள் ஜெயங்கொண்டம் வட்டாட்சியர் அலுவலக வாசலில் வந்து நிற்கட்டும். கைநாட்டு வைக்கிற கிழவிகூடத் தன் நிலத்தின் சர்வே எண்ணை உட்பிரிவோடு சொல்லுவாள். இந்த ஊரில் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கு நிலம் எடுத்தார்கள். இழப்பீட்டு வழக்குகள் வருடக்கணக்காக நடந்தன. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர்கள் சர்வே எண், பரப்பு, நிர்ணயித்த தொகை என்று எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு அலைந்தார்கள். புரியாது என்பது பொய். தன் சொத்து என்று வந்துவிட்டால் தமிழ்நாட்டுக் குடியானவனுக்கு எந்த எண்ணும் புரியும். உடம்பைவிடப் பெரிய சொத்து எது?

இரண்டாவது வாதம்: ‘இது டாக்டர்களின் தனி மொழி, உலகம் பூராவும் இப்படித்தான்.’ இங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. நான் காரைக்காலில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்தவன். ‘திக்தே’ எழுதும்போது ஓர் ஒற்றுக்குறி தப்பினாலும் மிஸ்யே மதிப்பெண்ணைக் குறைப்பார். அந்தப் படிப்பு பிழைப்புக்கு உதவவில்லை. பிறகு ஆங்கிலமும் தட்டச்சும் படித்துத்தான் தமிழக அரசு வேலைக்கு வந்தேன். ஆனால் இந்த விஷயத்தில் அது உதவுகிறது. நோய்களுக்குக் குறியீடு போடும் உலகப் பட்டியலின் தகப்பன் ழாக் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சுக்காரர். பாரிஸ் நகரத்தின் புள்ளிவிவர அலுவலகத் தலைவர். அவருடைய தம்பி அல்போன்ஸ், குற்றவாளிகளின் உடலை அளந்து அடையாளம் காணும் முறையைக் கண்டவர். தம்பி திருடர்களை எண்ணினார், அண்ணன் சாவுகளை எண்ணினார். 1893இல் சிகாகோவில் கூடிய சர்வதேசப் புள்ளியியல் கழகத்தில் அண்ணன் தன் பட்டியலை வைத்தார். 1948இல் உலக சுகாதார நிறுவனம் அதன் ஆறாவது திருத்தத்தைக் கையில் எடுத்தது. இப்போது பதினோராவது திருத்தம், 2022 ஜனவரி 1 முதல். காலராவில் எத்தனை பேர் செத்தார்கள், காசநோயில் எத்தனை பேர் என்று எல்லோரும் பார்க்கும்படி எண்ணுவதற்குப் பிறந்த பட்டியல் அது.

அறுவைக்கான பட்டியலையும் பிரான்ஸ் 2005 முதல் ஒழுங்காக வைத்திருக்கிறது. நான்கு எழுத்து, மூன்று எண். முதல் இரண்டு எழுத்து உடம்பில் எந்த இடம், மூன்றாவது என்ன செய்தார்கள், நான்காவது எந்த வழியாகப் போனார்கள். ‘பி.எஃப்.ஜி.ஏ.004’ என்றால் கண்புரையைக் கரைத்து எடுத்துச் செயற்கை வில்லை வைப்பது. ஜெயங்கொண்டத்தில் உட்கார்ந்துகொண்டு, கைப்பேசியிலேயே அந்தப் பட்டியலைத் தொகையோடு என்னால் பார்க்க முடிகிறது, காசு கேட்பதில்லை. சுமார் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற பிரெஞ்சுக்காரனின் கண்புரைக்கு என்ன தொகை என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் என் துணைவியாரின் பித்தப்பைக்கு எந்தக் குறியீடு என்று கேட்டால் ‘உங்களுக்கு எதுக்கு சார்’!

அமெரிக்காவை உதாரணம் காட்டுவார்கள். அங்கே அறுவைக் குறியீடு ஐந்து இலக்கம். 1966இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் தொடங்கியது, இன்றும் அதன் காப்புரிமை அவர்களிடம்தான். ஆனால் அந்தக் குறியீடுகளைப் போட்டுக் கொடுப்பது யார் என்று தெரியுமா? சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் இரவு ஷிப்டில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகள். மெடிக்கல் கோடிங் என்று பெயர். நர்சிங், பார்மசி, உயிர்வேதியியல் படித்த எத்தனை பிள்ளைகள் நம் தெருவிலிருந்தே அந்த வேலைக்குப் போயிருக்கிறார்கள்! ஒஹாயோவில் ஒரு கிழவருக்கு முழங்கால் மாற்றினால், அது 27447 என்று இவர்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். சொந்தத் தாத்தாவுக்குத் தஞ்சாவூரில் முழங்கால் மாற்றினால் எந்தக் குறியீடு என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, தான் மட்டும் கழுநீர்ப் பானையில் துள்ளி விழுமாம்.

மூன்றாவது வாதம்: ‘பட்டியலை வெளியே விட்டால் ஆளாளுக்குச் சண்டைக்கு வருவார்கள், முறைகேடு நடக்கும்.’ தலைகீழ் வாதம். நியாய விலைக் கடையில் விலைப் பலகை தொங்குகிறதே, அதனாலா எடை குறைகிறது? பலகை இல்லாத இடத்தில்தான் குறையும். ஆயுஷ்மான் பட்டியல் இணையத்தில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலத்தில். தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1956இல். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கயிறும் வாளியும் அதிகாரி வீட்டில் இருக்கிறது என்றால் தாகம் தீருமா?

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, கேட்காமலேயே வெளியிட வேண்டியவற்றைச் சொல்லுகிறது. ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தைத் தர வேண்டும் என்றும் சொல்லுகிறது. 2018 ஏப்ரலில், சிவகாந்த் ஜா என்ற ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரியின் வழக்கில் உச்ச நீதிமன்றம், பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்ற ஒரே காரணத்துக்காகச் செலவுத் தொகையை மறுக்க முடியாது, சிகிச்சை உண்மையிலேயே நடந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றது. மருத்துவமனைப் பெயருக்குச் சொன்னது குறியீட்டுக்கும் பொருந்த வேண்டாமா? எது நடந்ததோ அதற்குப் பணம். தாளில் எது விழுந்ததோ அதற்கல்ல.

இந்தத் திட்டங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோதும், 2012 ஜனவரியில் இப்போதைய முதலமைச்சர் திட்டம் வந்தபோதும், நிலத்தை விற்காமல் இருதய அறுவை செய்துகொண்டு திரும்பியவர்களை இந்த ஊரில் பார்த்திருக்கிறேன். கவுண்டரில் இருக்கிற பையனும் பெண்ணும் குறைந்த சம்பளத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறார்கள். தொகை கட்டவில்லை என்று ஆஸ்பத்திரிகள் சொல்வதிலும் சில இடத்தில் நியாயம் இருக்கலாம். அது அரசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள வழக்கு. அவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். இரண்டு பேரின் சண்டைக்கு நடுவில் படுத்திருக்கிற நோயாளியின் சட்டைப்பையில் ஏன் கைவிடுகிறார்கள்?

ஆகவே கேட்பது நான்கே நான்கு. ஒன்று, முன் அனுமதி வந்த அன்றே குறியீடும் தமிழ்ப் பெயரும் தொகையும் எழுதிய ஒரு சீட்டு நோயாளி கையில் வர வேண்டும். இரண்டு, டிஸ்சார்ஜ் சம்மரியில் கடைசியாக அனுப்பிய குறியீடு அச்சாக வேண்டும். மூன்று, மறுத்தாலும் குறைத்தாலும், விதியைச் சொல்லித் தமிழில் காரணம் எழுத வேண்டும். நாங்கள் கருவூலத்தில் எழுதியதைப் போல. நான்கு, முழுப் பட்டியலும் தமிழில் அச்சாகி, ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனையிலும் சார்நிலைக் கருவூலத்திலும் கயிற்றில் கட்டித் தொங்க வேண்டும், இரயில்வே அட்டவணை தொங்கியதைப் போல.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஆபரேஷன் என்று யாராவது சொன்னால் டாக்டரிடம் பணிவாக இந்தக் கேள்விகளைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த உறுப்பு? இடமா, வலமா, இரண்டுமா? என்ன செய்யப் போகிறீர்கள், எடுப்பதா, தைப்பதா, மாற்றுவதா? திறந்தா, துளை போட்டா? உள்ளே எதையாவது வைப்பீர்களா, எத்தனை? இந்தப் பதில்கள் இருந்தால் பட்டியலில் சரியான வரியைப் பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தியே கண்டுபிடித்துவிடுவாள். பிறகு கவுண்டரில் முன் அனுமதியின் நகலைக் கேளுங்கள். வீடு திரும்பும் முன் அறுவைக் குறிப்போடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் வாய்ச் சண்டை போடாதீர்கள், எழுதிக் கொடுங்கள். வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அங்கே தீராவிட்டால் ஓய்வூதியர்களுக்கு ஆட்சியர் தலைமையில் மாவட்ட அளவிலான அதிகாரக் குழு இருக்கிறது, அரியலூருக்கு மனு அனுப்புங்கள்.

ஓய்வூதியர் காப்பீட்டு ஒப்பந்தத்தை நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதிதாக எழுதுகிறார்கள். ஒவ்வொரு முறையும் நம் சங்கங்கள் சந்தாவைக் குறை, வரம்பைக் கூட்டு என்று மட்டும் தீர்மானம் போடுகின்றன. இனி அடுத்த வரியாக இதையும் சேர்க்கச் சொல்லுங்கள்: ‘எங்கள் உடம்பில் செய்த வேலைக்கு என்ன பெயர் எழுதினீர்கள் என்று எங்களிடம் சொல்ல வேண்டும்.’ அரசுக்கு இதில் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. செலவில்லாத ஒன்றைக் கொடுக்கவே தயங்குகிறார்கள் என்றால், அதை மறைப்பதில் யாருக்கோ வரவு இருக்கிறது என்றுதான் ஒரு பழைய கருவூல எழுத்தருக்குத் தோன்றும்.